கீறல் விழுந்த புதுக் கிதாரும் கண்கட்டிய பாலகோபாலும்

வாழ்க பாலகோபால்! ஆவாரம்பாளையத்துப் பம்புசெட்டுப் பெருந்தகை, செம்புக்கம்பி சுற்றியே செல்வம் சேர்த்த மோட்டார்குலத் தோன்றல், நாற்பத்தெட்டு அகவை கடந்தும் மீசைக்கு மைதீட்டி முதுமையை வாசலிலேயே நிறுத்திவைத்த தோள்வலியோன், கல்லூரி நாளில் மூன்று கல்யாண வரவேற்பிலும் ஒரு கலைவிழாவிலும் மின்கிதார் மீட்டி, அவற்றுள் இரண்டில் கைதட்டலும் பெற்ற இசைவேந்தன், வாழ்க! மருதமலை மேல் ஆறுமுகத்தோடு அமர்ந்தருளும் பெருமானே, ஆறு கம்பிக் கருவி ஒன்றால் அவனுக்கு நேர்ந்ததை நடுவில் சிரிக்காமல் சொல்லி முடிக்க எனக்கு மூச்சு தருக. நான் பாடப்போவது நாடு கவர்ந்த போரன்று. நங்கை கவர்ந்த போருமன்று. விலை மிக்க ஒரு கிதார் அந்த விலைக்குத் தகுமா என்று, கோட்டைமேட்டு மாடியறை ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி தொடங்கி நாலேகால் வரை நிகழ்ந்த பெரும்போர்.

வீரனின் நெஞ்சு களவுபோன கதையை முதலில் கேளுங்கள். கடல்கள் கடந்த தேசத்தில், கிதார் செய்தே கீர்த்தி கொண்ட ஆலை ஒன்று உண்டு. அது அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு மாதிரியை, மரம் மாறாமல், வளைவு மாறாமல், ஒட்டும் பசை கூட மாறாமல், மறுபடி செய்து விற்கத் தொடங்கியிருந்தது. இவ்வாறு பழையதைப் புதிதாகப் பிறப்பித்து விற்பதற்கு ரீஇஷ்யூ என்று பெயர். உண்மையான பழைய கிதாரை வாங்க வேண்டுமானால் பட்டறையை விற்க வேண்டும். அதன் மறுபிறப்போ நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குக் கிட்டும். ஒன்றரை ஆண்டுக்காலம் பாலகோபால் சாப்பாட்டு மேசையிலும் வங்கி வரிசையிலும் கைபேசித் திரையில் அதன் திருவுருவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, விரல் நுனியால் அதன் இடையைத் தடவி, பெருமூச்சால் திரையைப் பனிமூட்டமாக்கினான். காந்தத்தின் மேல் செம்புக்கம்பியைச் சுற்றிய சிறு சுருளே மின்கிதாரின் உயிர். கம்பியின் அதிர்வைக் கவர்ந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் அதைப் பிக்கப் என்பார்கள். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றுவிக்கும் நம் தலைவன், எவனோ எங்கோ சுற்றிய இரண்டே இரண்டு சுருளுக்காகத் தூக்கம் தொலைத்தான். இதை விதி என்பதா, விளம்பரம் என்பதா?

ஒரு வியாழக்கிழமை அது வந்து சேர்ந்தது. சவப்பெட்டியோ சீர்வரிசைப் பெட்டியோ என்று அக்கம்பக்கத்தார் ஐயுற, இருவர் சுமந்து வந்த கரும்பெட்டியைக் கூடத்தின் நடுவே கிடத்தி, தாழ் நான்கும் திறந்து, மூடியை உயர்த்திய கணத்தில், பாலகோபால் சந்நிதி கண்ட பக்தனாய்க் கைகூப்பினான். அந்திவானச் செம்மை விளிம்பில் தொடங்கித் தேன்மஞ்சளாய் நடுவில் கனிந்த மேனி. அம்மேனியெங்கும் கீறல், நகம் பெயர்த்தாற்போல் பூச்சு உதிர்ந்த ஓரம், வலக்கை உரசுமிடத்தில் மரம் தெரியத் தேய்ந்த வட்டம், மழையில் நனைந்த சைக்கிள் போல் மங்கி நின்ற உலோகம்! நாற்பது ஆண்டுகள் எவனோ ஒரு மாவீரன் வாசித்துத் தேய்த்ததைப் போல, ஆலையிலேயே சிலர் அமர்ந்து தேய்த்துக் கொடுத்த தேய்மானம் அது.

அவ்வேளையில் அங்கே தோன்றினாள் மதிவதனி, அவன் இல்லத்தரசி. நெசவாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஓடும் துணியில் ஓரிழை விட்டிருந்தாலும் பத்தடி தொலைவில் கண்டு ஆலையையே நிறுத்தும் கழுகுப்பார்வை உடையாள். பெட்டிக்குள் ஒருமுறைதான் பார்த்தாள்.

“ஏனுங்க, டேமேஜ் பீஸ அனுப்பிப்போட்டாங்களாட்ட இருக்குது? உடனே போட்டோ எடுத்து அனுப்புங்க, மாத்திக் குடுப்பாங்க.”

“இல்ல மதி, அது வேணும்னே கீறுனது.”

“வேணும்னேவா? யாருங்க கீறுனது?”

“கம்பெனிலயேதான். கைல தேய்ப்பாங்க. அதுக்குத் தனி சார்ஜு.”

மதிவதனி கணவனையும் கிதாரையும் மாறி மாறிப் பார்த்தாள். “போன மாசம் நம்ம கார்ல இத்தினியூண்டு கீறல் உழுந்ததுக்கு ரெண்டு நாளு சோறு உங்காம இருந்தீங்க. அதே ஆளுதானுங்க நீங்க?” என்றவள், போகிற போக்கில் கேட்டாள்: “எத்தனைங்க ஆச்சு?”

பகைவர் ஆயிரவர் சூழ்ந்தாலும் கலங்காத நம் தலைவன், இவ்வொரு வினாவின் முன் கலங்கினான். நாவில் எழுந்த எண்ணின் வாலிலிருந்து ஒரேயொரு சுழியை மட்டும் உருவித் தொண்டைக்குள் ஒளித்துக்கொண்டு, “நாப்பத்திரண்டாயிரம்” என்றான். எண்ணின் மற்ற இலக்கங்கள் அனைத்தும் உண்மையே என்பதால் இதைப் பொய் என்று கொள்ளலாகாது என அன்று மாலை முழுவதும் தனக்குத்தானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டான். நாற்பத்திரண்டுக்கே மதிவதனி நெற்றி சுருக்கியதைக் கண்ட பின், தொண்டையிலிருந்த சுழி கீழிறங்கி வயிற்றில் போய்க் கல்லாய் அமர்ந்தது.

அன்றே அதன் படத்தை, கல்லூரி நாள் இசைக்குழுவினர் நால்வர் கொண்ட வாட்ஸ்அப் மன்றத்தில் ஏற்றி, வியப்புரைகளை எதிர்நோக்கிக் காத்திருந்தான். வந்தது நசுருதீனின் குரல். யார் அந்த நசுருதீன்? கோட்டைமேட்டுக் கருவி மருத்துவன்; ஆர்மோனியத்தின் இருமலையும் ஆம்ப்ளிஃபயரின் காய்ச்சலையும் காதால் தொட்டே கண்டறிவோன்; முன்னாளில் பாலகோபாலின் வலப்புறம் நின்று கிதார் வாசித்து, கைதட்டல் வந்த அந்த இரண்டு மேடைகளிலும் அதற்கு உண்மையான காரணமாயிருந்தோன். அவனிடம் இருந்தது பதினாலாயிரம் ரூபாய்க் கிதார். அதன் பிக்கப்பைத் தன் கையாலேயே சுற்றிப் பொருத்தியிருந்தான். சுற்றிய கம்பி பாலகோபால் வாங்கிக்கொடுத்தது.

“பாலு, போட்டோ பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. கண்ண மூடிட்டுக் கேட்டீன்னா உன்ற கிதாரு எது, என்ற கிதாரு எதுன்னு உனக்கே தெரியாது. பேருக்கும் கீறலுக்கும்தாம்ப்பா காசு.”

கொல்லனுலையில் நீர் தெளித்தாற்போல் சீறினான் பாலகோபால். மீசை துடித்தது; பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த கடைசல் எந்திரம் தானாகவே ஒருகணம் தாழ்ந்து ஓடியதென்று பின்னர் சொன்னவனும் அவனே. எட்டுத்திசையும் கேட்க அவன் முழங்கிய வஞ்சினம் இது: “ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு உன்ற ஊட்டுக்கு வாரேன். கண்ணக் கட்டு. பத்துத்தடவ வாசி. பத்தும் சொல்றேன். தப்பாப் போச்சுன்னா இத வித்துப்போடறேன்!” மன்றத்தின் மற்ற இருவரும் கட்டைவிரல் படமிட்டுச் சாட்சியாயினர். சொல்லி முடித்த பிறகே, விற்பதென்ற சொல்லைத் தன் வாயா சொன்னது என்று அவனுக்கு உறைத்தது.

போருக்கு முன் பயிற்சி வேண்டுமல்லவா? வெள்ளியும் சனியும் கதவடைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, தன் கிதாரைத் தானே மடியிலிட்டுத் தானே வாசித்து, ‘இது என் கிதாரே’ என்று முப்பது முறை பிழையின்றிக் கண்டறிந்தான். வெற்றி உறுதியாயிற்று.

ஞாயிறன்று, டவுன்ஹாலில் பாத்திரக்கடைக்குப் போகும் வேலை இருப்பதாகச் சொல்லி மதிவதனியும் தேரேறினாள். தடுக்க ஒரு காரணமும் கிட்டாத தலைவன், கரும்பெட்டியைப் பின்னிருக்கையில் கிடத்தி, அதற்கு சீட்பெல்ட்டும் பூட்டி, வெள்ளை நிறக் காரென்னும் புரவி பூண்ட தேரை அவினாசி சாலையில் செலுத்தினான். சிக்னல்கள் சிவந்து தடுத்தன. டவுன்பஸ்கள் மதயானைகளாய்க் குறுக்கே பாய்ந்தன. உக்கடத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி, கோயில் வலம் வருவோனைப் போல் மும்முறை சுற்றி, இறுதியில் ஒரு மருந்துக்கடைக்காரரின் கருணையால் அரை வண்டிக்கு இடம் பெற்று, முழு வண்டியையும் அதில் நுழைத்தான்.

போர்க்களம் நசுருதீன் வீட்டு மாடியறை. சுவரெங்கும் வயிறு பிளந்த கீபோர்டுகள், தலையற்ற மைக்குகள், நரம்பறுந்த வயலின்கள். முன்னைய போர்களில் வீழ்ந்தோர் கிடப்பதைப் போன்ற தோற்றம். நடுவே ஒரு ஸ்டூல். அதற்கெதிரே நசுருதீனின் மகள் ஆஃப்ரின், கல்லூரியில் இயற்பியல் பயிற்றுவிப்பவள், தந்தையிடம் கிதார் கற்றவள், கையில் ஒரு ரூபாய் நாணயமும் குறிப்பேடும் ஏந்தி அறத்தின் வடிவாய் அமர்ந்திருந்தாள்.

“அங்கிள், காசு சுண்டி எது உழுகுதோ அதத்தான் வாசிப்பேன். ஒரே ட்யூன், ஒரே ஆம்ப்ளிஃபயர், வால்யூம் திருகாணியத் தொட மாட்டேன். பத்தும் முடிஞ்ச பொறவுதான் ரிசல்ட் சொல்லுவேன். செரிங்களா?”

கரும்பெட்டி திறந்தது. நசுருதீன் குனிந்து பார்த்தான், நெடுநேரம் பார்த்தான், தொடவில்லை. பிறகு நிமிர்ந்து, மதிவதனியிடம் பாராட்டும் குரலில், பழுதற்ற நல்லெண்ணத்தோடு, இப்படி மொழிந்தான்: “வா தங்கச்சி. உன்ற மாதர பொம்பளையப் பாக்க முடியாது போ. எங்கூட்லயெல்லாம் நாலு லட்சத்து இருவதாயிரத்துக்குக் கிதாருன்னா என்னய வெளியவே முடுக்கிப்போடுவாங்க.”

மூன்று நாளாய் வயிற்றில் ஒளிந்திருந்த சுழி, வெளியே வந்து உருண்டு, மதிவதனியின் காலடியில் போய் நின்றது.

“நாலு லட்சத்து இருவதுங்களா?” என்றாள் மதிவதனி, கணவனை நோக்கி, மிக மென்மையாக. “செரி. ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமுங்க.”

கொங்குநாட்டார் மொழியில் மரியாதைக்கென்று அமைந்த அந்த ‘ங்க’ என்னும் விகுதிக்குள் ஆயிரம் வேல்முனைகளைச் செருகிவைக்கலாம் என்பதைத் தன் இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் பாலகோபால் அதுவரை அறிந்தானில்லை. தப்பிக்க வேறு வழியின்றி, “கட்டுப்பா கண்ண” என்று முழங்கி ஸ்டூலில் அமர்ந்தான். நசுருதீன் தேங்காய்ப்பூத் துண்டொன்றால் அவன் கண்களைக் கட்டினான். மனைவியின் முகம் மறைந்ததில் வீரனுக்கு ஒருகணம் ஆறுதலும் பிறந்தது.

நாணயம் சுண்டும் ஒலி. முதல் மீட்டல். அடடா, என்ன கம்பீரம், என்ன கனிவு! “என்றது!” என்று இடியென முழங்கினான். இரண்டாவது. இதுவும் கம்பீரம்; கனிவு சற்றுக் குறைவு. “நசுருவுது.” மூன்றாவதில் கம்பீரமும் கனிவும் சமமாயிருந்தன. நான்காவதில் மூன்றாவது எப்படியிருந்ததென்பது மறந்துபோயிற்று. ஐந்தாவதில் துண்டு நனையத் தொடங்கியது. ஆறாவதில், வலக்காதில் ஒன்றும் இடக்காதில் வேறொன்றுமாய்க் கேட்டது.

ஏழாவது மீட்டலின்போதுதான் அது நடந்தது. துண்டின் இருளுக்குள், ஒன்றரை ஆண்டுகளாக அவன் நெஞ்சில் ஒலித்த அந்தக் கிதாரின் நாதத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. தேடத் தேட அந்திவானச் செம்மை வந்தது, தேன்மஞ்சள் வந்தது, தேய்ந்த ஓரமும் மங்கிய உலோகமும் வந்து நின்றன, பெட்டியின் உள்ளே விரித்த இளஞ்சிவப்புத் துணி கூட வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தான் இத்தனை காலம் ஆசைப்பட்டது ஒரு படத்துக்கோ என்றெண்ணிய கணத்தில், பம்புசெட்டுப் பெருந்தகை ஏழாவதற்கு வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான். எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும், பரீட்சையில் விடை தெரியாத கேள்விக்கு எழுதுவதைப் போல் ஊகித்தே சொன்னான்; குரலில் மட்டும் கம்பீரம் குறையாமல் பார்த்துக்கொண்டான்.

துண்டு அவிழ்ந்தது. ஆஃப்ரின் குறிப்பேட்டை இருமுறை சரிபார்த்தாள். “நாலு சரிங்க அங்கிள்.” சற்றுத் தயங்கி, ஆறுதல் என்றெண்ணிச் சொன்னாள்: “காசு சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலே ஒரு அஞ்சு வந்திருக்குமுங்க.”

வேரறுந்த ஆலமரம் போல், அச்சாணி கழன்ற தேர் போல், மின்வாரியத்தார் கைவிட்ட பம்பு போல் அமர்ந்திருந்தான் பாலகோபால். வஞ்சினம் நினைவுக்கு வந்தது. விற்க வேண்டும். வந்து நான்காவது நாள்.

ஆனால் போர் அத்தோடு முடியவில்லை. ஓரத்து நாற்காலியில் கைகட்டி அமர்ந்திருந்த மதிவதனி வாய் திறந்தாள். “ஏனுங்ணா, ஒரு சாம்பிள வெச்சு லாட்டு முழுக்க ரிஜெக்ட் பண்ண எங்க மில்லுல உட மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னது நீங்கதானுங்க? நீங்களும் உக்காருங்க.”

நசுருதீன் சிரித்து மழுப்பினான். ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிட்டதென்றான், அஸர் தொழுகைக்கு நேரமாகப் போகிறதென்றான். “இன்னும் அரைமணி இருக்குதுங்க அத்தா, உக்காருங்க” என்று மகள் தீர்ப்பளித்தாள். வேறு வழியின்றி ஈரத்துண்டைத் தன் கண்ணில் தானே கட்டிக்கொண்டு அமர்ந்தான்.

அவன் முழங்கவில்லை. ஒவ்வொரு மீட்டலும் ஒலித்து, மெலிந்து, முற்றிலும் அடங்கி, அறையில் விசிறியின் சத்தம் மட்டும் மிஞ்சும்வரை தலைகுனிந்து காத்திருந்தான். பிறகு, கேட்டும் கேளாததுமாய், “பாலுவுது” என்பான். அல்லது “என்றது” என்பான். பாலகோபால் ஆஃப்ரினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரேயொரு முறை தவிர மற்ற ஒவ்வொரு முறையும் அவள் பேனா ஒரே வடிவில் ஒரு கோடிழுத்ததைக் கண்டான்.

“ஒம்பது” என்றாள் ஆஃப்ரின். தவறிய அந்த ஒன்றும், தெருவில் ஒரு லாரி ஹாரனடித்துக் குறுக்கிட்ட ஆறாவது மீட்டல். “அங்கிளுந் தோத்துட்டாங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்ன அத்தாவுந் தோத்துட்டாங்க.”

நசுருதீன் துண்டை அவிழ்த்தான். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. “அடிச்ச ஒடனே தெரியாது பாலு,” என்றான் மெதுவாக. “அடங்கறப்பத்தான் தெரியும். என்றது டக்குன்னு நின்னுபோகுது. உன்றது போலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சுப் போகுது. அன்னிக்குப் போட்டோ பாத்தப்பவே தெரியும் அது அப்படித்தான் இருக்கும்னு. மனசு பொறுக்காமத்தான் அப்படிப் பேசிப்போட்டேன். நீ அத விக்காத.”

“அப்ப,” என்றாள் மதிவதனி, வினாவில் கோபம் துளியும் இன்றி, ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள விழைபவளைப் போல, “யாரு காதுக்குங்க இத வாங்குனது?”

கேளுங்கள், இங்கேதான் நம் தலைவனின் பெருமை விண்ணைத் தொட எழுந்தது! வெள்ளியங்கிரி மலைமேல் பெய்த பெருமழை நொய்யலில் நுங்கும் நுரையுமாய்ப் பொங்கி வருவதைப் போல, அவன் நெஞ்சின் ஆழத்தில் ஈகையென்னும் வெள்ளம் பொங்கியது. கேட்டவர்க்குக் கேட்டதையும் கேளாதவர்க்குத் தோன்றியதையும் வாரி வழங்கிய வள்ளல்கள் வரிசையாய் அவன் மனக்கண்ணில் எழுந்து நின்று வாவென்றழைத்தனர். எழுந்தான். ஆஃப்ரினின் மடியிலிருந்த தன் கிதாரை இரு கைகளாலும் ஏந்தினான். ‘நண்பா, இதைக் கேட்கத் தெரிந்த காது உன்னுடையது, ஆகவே இது உன்னுடையதே, வைத்துக்கொள்’ என்னும் சொற்கள், பொன்னெழுத்தில் பொறித்துவைக்கத் தக்க சொற்கள், அவன் நெஞ்சில் உருக்கொண்டன. நசுருதீனை நோக்கி ஓரடி வைத்தான். நசுருதீனின் கைகள் தம்மையறியாமல் சற்றே உயர்ந்தன. மதிவதனியும் மூச்சடக்கிப் பார்த்தாள்.

வைத்துக்கொள் என்று நெஞ்சில் புறப்பட்ட வெள்ளம், கழுத்தை எட்டுகையில் ‘ஒரு மாசம் வெச்சிரு’ என்றாயிற்று. ஒரு மாதமா? இங்கே ஈரமான சுவர். பக்கத்திலேயே ஈயம் பற்றவைக்கும் புகை. வருவோர் போவோர் வேறு. நாவை எட்டுகையில் ‘ஒரு வாரம்’ என்று சுருங்கியது. அவ்வேளை அந்த மேனியின் தேய்ந்த வட்டத்தில் பிற்பகல் வெயில் விழுந்து தேனாய் மின்னியது. விரல்கள் கிதாரின் கழுத்தை மேலும் இறுகப் பற்றின. அணைகள் பல கடந்து, மதகுகள் பல மறிக்க, வெள்ளமெல்லாம் மணலில் வடிந்து, உதட்டை எட்டியபோது அவன் வாயிலிருந்து சொட்டியது இவ்வளவே: “அப்பப்ப நம்ம ஊட்டுக்கு வந்து வாசிச்சுக்கப்பா.”

நசுருதீனின் கைகள் இறங்கின. “செரி,” என்றான். “வாரேன்.”

“ஞாயித்துக்கெழம வா. சாப்பாடு நம்மூட்லதான்!” என்று, கொடுக்காததன் கனம் குறையட்டுமென்று, மேலும் ஒரு முழக்கம் செய்தான் பாலகோபால். மதிவதனி தானே கரும்பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தாள். கொடைவள்ளல் தன் கொடையைத் தானே பெட்டியில் கிடத்தி, தாழ் நான்கும் பூட்டி, மருந்துக்கடைக்காரரின் வசவுக்கு நடுவே தேரேற்றி, இல்லாளின் மௌனம் இடப்புறமும் நான்கு லட்சத்து இருபதாயிரம் பின்புறமும் வீற்றிருக்க, அவினாசி சாலை வழியே மீண்டு, பேச வேண்டியதைப் பேசப்பெற்று, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஆறு நாட்கள் வாய்மூடி நல்லவனாய் நடந்து, ஏழாம் நாள் காலையில் குளித்து, கிதாரைத் துடைத்து, ஆம்ப்ளிஃபயரைக் கூடத்துக்கு இழுத்துவந்து, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, உலகெங்கும் உள்ள நட்பனைத்தும் தன் வீட்டு வாசலுக்கே வரப்போவதைப் போல் கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தான்.

அன்றைக்கு நசுருதீனுக்கு ஏதோ மைக்செட் ரிப்பேர் வேலை வந்துவிட்டதால் அவன் வரவில்லை.